கணவன் மனைவி வாடகை வீடு: அமெரிக்க வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு பிப்ரவரியிலும் இந்தக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். முதலில் வாங்கிய வீட்டை விட்டுப் பெரிய வீட்டுக்குப் போயிருப்பார்கள், பழையதை வாடகைக்கு விட்டிருப்பார்கள். அல்லது யாரோ சொன்னார்கள் என்று இருவர் பெயரிலும் ஒரு எல்எல்சி (வரையறுத்த பொறுப்புள்ள கம்பெனி) பதிவு செய்து, அதில் ஒரு வீட்டை வாங்கியிருப்பார்கள். வரி கட்டும் நேரம் வந்த பிறகுதான் இதை எந்தப் படிவத்தில், என்னவென்று காட்டுவது என்ற குழப்பம். டல்லாஸில் இருக்கும் நண்பர் ஒரு பதில் சொல்வார், நியூ ஜெர்சியில் இருக்கும் மைத்துனர் வேறு பதில் சொல்வார். வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேர் சொல்வதும் அவரவர் மாநிலத்துக்குச் சரியாக இருக்கும்.

இங்கே இருப்பவை பொதுவான விதிகள். உங்கள் பத்திரத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு சிபிஏ, அதாவது உரிமம் பெற்ற கணக்காளர், வேண்டும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுத்தால் வரி குறையும்?

சாதாரணக் கூட்டுச் சொத்தோ, பார்ட்னர்ஷிப்போ, பெரும்பாலும் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வரி ஒன்றுதான். இருவரும் சேர்ந்து ஜாயிண்ட் ரிட்டர்ன் போடுகிறீர்கள் என்றால், வாடகை லாபம் நேராக உங்கள் ரிட்டர்னுக்கு வந்தாலும் சரி, பார்ட்னர்ஷிப் வழியாகச் சுற்றி வந்தாலும் சரி, கடைசியில் அதே இடத்தில் அதே தொகையாகத்தான் விழும். மாறுவது படிவங்களின் எண்ணிக்கை, கடைசித் தேதி, தவறினால் வரும் அபராதம், பிறகு வீட்டை விற்கும்போது வரும் சில சிக்கல்கள். ஆகவே என் கட்சி எப்போதும் ஒன்றுதான்: வேறு காரணம் இல்லாவிட்டால், காகிதம் குறைவான வழியை எடுங்கள்.

எங்களிடம் எல்எல்சி கிடையாது. பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கிறது. இது பார்ட்னர்ஷிப் ஆகிவிடுமா?

ஆகாது. ஒரு சொத்தைச் சேர்ந்து வைத்துக்கொண்டு, பராமரித்து, ரிப்பேர் பார்த்து, வாடகைக்கு விடுவது மட்டும் தனி அமைப்பு ஆகாது என்று வரி விதிகளிலேயே எழுதியிருக்கிறது. ஜாயிண்ட் ரிட்டர்னில் ஷெட்யூல் ஈ என்ற வாடகை வருமானப் படிவத்தில் அந்த வீட்டுக்கு ஒரு பத்தி. வாடகை, வட்டி, சொத்து வரி, இன்ஷூரன்ஸ், தேய்மானம் எல்லாம் அதிலேயே முடிந்துவிடும். முக்கால்வாசிப் பேருக்குக் கதை இங்கேயே முடிந்தது.

'குவாலிஃபைடு ஜாயிண்ட் வெஞ்சர்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை டிக் செய்ய வேண்டாமா?

ஷெட்யூல் ஈ-யில் க்யூஜேவி என்று போட்டிருக்கும் கட்டத்தைச் சொல்கிறீர்கள். 2007-இல் வந்த சட்டம் அது. கணவனும் மனைவியும் மட்டும் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினால், 1065 என்ற பார்ட்னர்ஷிப் படிவம் போடாமல் அவரவர் பங்குப்படி தங்கள் ரிட்டர்னிலேயே காட்டிக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுத்தது. இதற்கு மூன்று நிபந்தனைகள்: ஜாயிண்ட் ரிட்டர்ன் போட வேண்டும், இருவரும் உண்மையாகவே தொழிலில் ஈடுபட்டிருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும்.

சும்மா சேர்ந்து வைத்திருக்கும் ஒரு வாடகை வீட்டுக்கு இது தேவையே இல்லை. தொழில் என்ற அளவுக்கு வீடுகள் வைத்து, இருவரும் இறங்கி வேலை பார்ப்பவர்களுக்கான கட்டம் இது. அப்புறம், எல்எல்சி மூலம் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்-இன் நிலைப்பாடு. பலர் சறுக்குவது இங்கேதான். எல்எல்சி வைத்துக்கொண்டே இந்தக் கட்டத்தை டிக் செய்துவிட்டு, 1065 வேலை மிச்சம் என்று நிம்மதியாக இருப்பார்கள்.

சரி, இருவர் பெயரிலும் எல்எல்சி இருக்கிறது. இப்போது என்ன?

இப்போது நீங்கள் எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

பொது விதிப்படி, இரண்டு உறுப்பினர்கள் உள்ள எல்எல்சி தானாகவே பார்ட்னர்ஷிப். நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்க வேண்டாம், சும்மா இருந்தாலே பார்ட்னர்ஷிப்தான். ஆண்டுதோறும் 1065 படிவம், வாடகைக் கணக்குக்கு 8825, ஆளுக்கொரு கே-1, அதாவது அவரவர் பங்கைக் காட்டும் படிவம். கணவன் மனைவி என்பதால் இருவரை ஒருவராக எண்ண மாட்டார்கள். மனைவி பெயரில் ஒரே ஒரு சதவீதம் இருந்தாலும் இதே கதைதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அரிசோனா, கலிஃபோர்னியா, ஐடஹோ, லூசியானா, நெவாடா, நியூ மெக்ஸிகோ, டெக்சஸ், வாஷிங்டன், விஸ்கான்சின் ஆகிய ஒன்பது மாநிலங்களும் கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டி மாநிலங்கள். திருமணத்துக்குப் பின் சம்பாதித்தது யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சமம் என்பது அங்குள்ள சட்டத்தின் அடிப்படை. அப்படிப்பட்ட பொதுச் சொத்தாக, கணவன் மனைவி இருவர் மட்டும் வைத்திருக்கும் எல்எல்சியை 'டிஸ்ரிகார்டட்' என்று, அதாவது வரித்துறையின் கண்ணுக்கு இல்லாத கம்பெனி என்று காட்டலாம். பார்ட்னர்ஷிப் என்றும் காட்டலாம். எதைச் செய்தாலும் ஐஆர்எஸ் ஏற்றுக்கொள்ளும் என்று 2002-இல் வெளியிட்ட ரெவின்யூ ப்ரொசீஜர் 2002-69 என்ற நடைமுறை அறிவிப்பு சொல்கிறது. இதற்குத் தனிப் படிவம் எதுவும் இல்லை, எப்படி ரிட்டர்ன் போடுகிறீர்களோ அதுவே உங்கள் தேர்வு. டிஸ்ரிகார்டட் என்று எடுத்தால், எல்எல்சி இல்லாதவர்கள் மாதிரியே ஷெட்யூல் ஈ-யோடு முடிந்தது.

டல்லாஸ் நண்பரும் நியூ ஜெர்சி மைத்துனரும் வேறு வேறு பதில் சொன்னது இதனால்தான்.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எல்எல்சியை டெக்சஸில் பதிவு செய்தால் இந்தச் சலுகை கிடைக்குமா?

கிடைக்காது. எல்எல்சியில் உங்களுக்கு இருக்கும் பங்கு அசையும் சொத்து மாதிரி. அது பொதுச் சொத்தா இல்லையா என்பதை நீங்கள் குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம்தான் பொதுவாக முடிவு செய்யும், பதிவு செய்த மாநிலம் அல்ல. வீடு ஆஸ்டினில் இருந்தாலும், நீங்கள் எடிசனில் குடியிருந்து அங்கே சம்பாதித்த பணத்தில் எல்எல்சி மூலம் வாங்கியிருந்தால் உங்களுக்கு 1065தான். நியூ ஜெர்சி, நியூ யார்க், இல்லினாய், வட கரோலினா, ஜார்ஜியா என்று நம்மவர்கள் நிறைய இருக்கும் பல மாநிலங்கள் அந்த ஒன்பதில் இல்லை.

டெக்சஸில் இருந்து நியூ ஜெர்சிக்கு மாறி வந்தவர்கள் நிலைமை வேறு. ஏற்கெனவே பொதுச் சொத்தாக இருந்தது இடம் மாறியதாலேயே அந்தத் தன்மையை இழந்துவிடாது. இதைச் சொந்தமாக முடிவு செய்யாமல் ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

1065 போடாமல் விட்டால் என்ன ஆகும்? வரியைத்தான் கட்டிவிட்டோமே?

வரி கட்டினாலும் அபராதம் உண்டு. படிவத்தைத் தாமதமாகக் கொடுத்ததற்கான அபராதம் அது. ஒரு பங்காளிக்கு ஒரு மாதத்துக்கு இவ்வளவு என்று பன்னிரண்டு மாதம் வரை ஓடும். 2024 கணக்குக்கு 245 டாலர், 2025 கணக்குக்கு 255 டாலர். இருவர், ஐந்து மாதம் என்றால் 2,550 டாலர். வாடகையில் ஒரு காசு லாபம் இல்லாவிட்டாலும் இதுதான் நிலைமை. கடைசித் தேதியும் ஏப்ரல் 15 இல்லை, மார்ச் 15. ஏப்ரலைக் குறி வைத்துக் காகிதம் சேர்க்கும் நம் வழக்கத்துக்கு இது பெரிய கண்ணி. 7004 படிவம் போட்டால் ஆறு மாத அவகாசம் கிடைக்கும்.

நோட்டீஸ் வந்துவிட்டால் உடனே செக் எழுதிவிடாதீர்கள். பத்துப் பேருக்கு மிகாத சின்னப் பார்ட்னர்ஷிப், எல்லாரும் தனிநபர்கள், பங்கு விகிதம் எல்லாவற்றிலும் ஒன்றே, அவரவர் பங்கை அவரவர் ரிட்டர்னில் உரிய நேரத்தில் காட்டியிருக்கிறார்கள் என்றால், ரெவின்யூ ப்ரொசீஜர் 84-35 என்ற பழைய ஏற்பாட்டின்படி அபராதத்தை நீக்கக் கேட்கலாம். பங்காளிகளில் யாரும் வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக இருக்கக் கூடாது. தானாக நீக்க மாட்டார்கள், நாம்தான் கடிதம் எழுத வேண்டும். ஜாயிண்ட் ரிட்டர்னில் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டிய ஒரு தம்பதிக்கு இது பொதுவாகப் பொருந்தும். ஆனால் வருஷா வருஷம் இதை நம்பி 1065 போடாமல் இருப்பது, ஸ்பேர் டயரை மாட்டிக்கொண்டே ஊர் சுற்றுவது மாதிரி.

அப்படியானால் எல்எல்சியை ஒருவர் பெயருக்கு மாற்றிவிடலாமா?

மாற்றலாம். ஒருவர் மட்டும் உறுப்பினர் என்றால் எந்த மாநிலமானாலும் அது டிஸ்ரிகார்டட்தான். இருவரும் ஜாயிண்ட் ரிட்டர்ன் போடுவதால் வருமானம் யார் பெயரில் வந்தாலும் ஒரே ரிட்டர்னில்தான் சேரும். மாற்றும் ஆண்டில் 'இறுதி' என்று குறித்த ஒரு 1065 மட்டும் போட்டு முடிக்க வேண்டும். கணவன் மனைவிக்குள் பங்கு கைமாறுவதற்கு வருமான வரி கிடையாது, வாங்குபவர் வரிச் சட்டப்படி வெளிநாட்டவராக இல்லாத வரை.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வாங்கும் துணை அமெரிக்கக் குடிமகன் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் பரிசாகக் கொடுக்கலாம். எச்-1பி, கிரீன் கார்டு என்று குடியுரிமை இல்லாதவராக இருந்தால் பரிசு வரிக் கணக்கில் ஓர் ஆண்டு உச்சவரம்பு உண்டு. 2025-க்கு அது 190,000 டாலர். அதைத் தாண்டினால் 709 படிவம் போட வேண்டும். கடன் போக வீட்டில் உங்கள் பங்கு மதிப்பு பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும். ஆனால் கடனில்லாமல் ரொக்கத்தில் வாங்கிய வீடு என்றால் கணக்குப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வரிக்கு வெளியேயும் ஒரு விஷயம் இருக்கிறது. எல்எல்சியில் பெயர் இல்லாத துணைக்கு விவாகரத்திலோ மரணத்திலோ என்ன உரிமை என்பது வேறு சட்டம். "எல்லாம் நம்மதுதானே" என்று விட்டுவிடாமல் ஓர் உயிலாவது எழுதி வையுங்கள்.

எஸ் கார்ப்பரேஷன் என்று காட்டினால் நல்லது என்கிறார்களே?

வாடகை வீட்டுக்கு வேண்டாம். எஸ் கார்ப் என்பது லாபம் நேராகப் பங்குதாரர் ரிட்டர்னுக்கு வரும் ஒரு கம்பெனி வகை. ஆலோசனைத் தொழில், கன்சல்டிங் செய்பவர்களுக்கு எஸ் கார்ப் சுய தொழில் வரியைக் குறைக்கும். வாடகைக்குப் பொதுவாக அந்த வரியே கிடையாது, குறைக்க என்ன இருக்கிறது? அதற்குப் பதிலாகத் தொல்லைகள் சேரும். விலை ஏறிய வீட்டை எஸ் கார்ப்பிலிருந்து உங்கள் பெயருக்கு எடுத்தால், விற்றது போலவே கருதி லாபத்துக்கு வரி போடுவார்கள். பேங்க் கடன் உங்கள் பங்கின் அடக்க விலையில் (லாப நஷ்டம் கணக்கிட அடிப்படையாக எடுக்கும் விலை) சேராது. உள்ளே போவது சுலபம், வெளியே வர டிக்கெட் விலை அதிகம். சி கார்ப்பரேஷன் இன்னும் மோசம்: 21 சதவீதம் கம்பெனிக்கு, பிறகு டிவிடெண்டுக்கு மறுபடி உங்களுக்கு.

நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கலாமா? பார்ட்னர்ஷிப் என்றால் கழிக்க முடியும் என்றார் ஒருவர்.

வகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எல்லா வழியிலும் ஒரே விதிதான்.

காகிதத்தில் நஷ்டம் வருவது பெரும்பாலும் தேய்மானத்தால்தான். 330,000 டாலர் வீட்டில் நிலத்தின் மதிப்பு 55,000 என்று வையுங்கள். மீதி 275,000-ஐ இருபத்தேழரை ஆண்டுகளில் கழிக்கலாம், ஆண்டுக்கு 10,000. வாடகை, செலவு, வட்டி எல்லாம் சரிக்குச் சரியாக வந்தாலும் 10,000 நஷ்டம் என்று கணக்கு காட்டும். வீட்டை நீங்களே தீவிரமாக மேற்பார்க்கிறீர்கள் என்றால் 25,000 டாலர் வரை நஷ்டத்தை மற்ற வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் சரிசெய்த மொத்த வருமானம் 100,000-ஐத் தாண்டியதும் இந்தச் சலுகை தேய ஆரம்பிக்கும்: 130,000 என்றால் மிச்சம் 10,000, 150,000 என்றால் பூஜ்யம். இருவரும் வேலைக்குப் போகும் நம் வீடுகளில் பெரும்பாலும் அந்தக் கோட்டைத் தாண்டியிருப்பார்கள். அந்த நஷ்டம் வீணாகாது. வருஷா வருஷம் சேர்ந்து, பின்னால் வாடகை லாபம் வரும்போதோ வீட்டை விற்கும்போதோ கழியும்.

இதற்காகத் தனித்தனி ரிட்டர்ன் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்ந்துகொண்டு தனித்தனியாகப் போட்டால் அந்த 25,000 சலுகை ஒரு டாலர் கூடக் கிடைக்காது.

மனைவி வேலைக்குப் போகவில்லை. 'ரியல் எஸ்டேட் ப்ரொஃபஷனல்' என்று காட்டலாமா?

தகுதி இருந்தால் தாராளமாக. ஆண்டுக்கு 750 மணி நேரத்துக்கு மேல், அதுவும் தன் மொத்த வேலை நேரத்தில் பாதிக்கு மேல், ரியல் எஸ்டேட்டில் செலவிட வேண்டும். இந்த இரண்டையும் தம்பதியில் ஒருவர் தனியாகவே தாண்ட வேண்டும், இருவர் மணியையும் கூட்டக் கூடாது. தாண்டிவிட்டால், அந்த வீடுகளில் ஈடுபாடு இருக்கிறதா என்று பார்க்கும்போது மட்டும் இருவர் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வீட்டை, அதுவும் மேனேஜ்மெண்ட் கம்பெனியிடம் விட்டுவிட்டு, 750 மணி நேரம் என்று எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள்.

எச்-1பி-காரரின் துணைக்கான எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வரிப் படிவத்தில் 750 மணி நேரம் உழைத்தேன் என்று எழுதிவிட்டு, குடிவரவுக் காகிதத்தில் நான் வேலை எதுவும் செய்யவில்லை என்று சொல்வது ஒன்றோடொன்று உதைக்கும். வரி மிச்சத்தைப் பார்க்கும் முன் குடிவரவு வக்கீலைப் பாருங்கள்.

நாங்கள் குடியிருந்த வீட்டைத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதை எல்எல்சிக்கு மாற்றலாமா?

இதில்தான் நான் மிகவும் அவசரப்பட வேண்டாம் என்பேன். விற்பதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் இரண்டு ஆண்டு குடியிருந்திருந்தால், ஜாயிண்ட் ரிட்டர்னில் 500,000 டாலர் வரை லாபத்துக்கு வரியில்லை. தேய்மானம் எடுத்த அளவுக்கான லாபம் மட்டும் இதில் சேராது. குடி மாறி மூன்று ஆண்டுக்குள் விற்றால் இந்தச் சலுகை கையில் இருக்கும். டிஸ்ரிகார்டட் எல்எல்சியில் வீடு இருந்தால் பாதகமில்லை, உங்கள் பெயரில் இருப்பதாகவே எண்ணுவார்கள். ஆனால் பார்ட்னர்ஷிப் பெயரில் வீடு போய்விட்டால் விற்பது நீங்கள் இல்லை, பார்ட்னர்ஷிப். சலுகை கைநழுவும்.

இன்னொரு பக்கம் மார்ட்கேஜ். வீட்டைக் கைமாற்றினால் மொத்தக் கடனையும் உடனே கேட்கலாம் என்று கடன் பத்திரத்தில் ஒரு ஷரத்து இருக்கும். 1982-ஆம் ஆண்டின் கார்ன்–செயிண்ட் ஜெர்மெய்ன் சட்டம் சில மாற்றங்களுக்கு அதிலிருந்து பாதுகாப்பு தருகிறது: துணைக்கு மாற்றுவது, குடியிருப்பவர் தன் லிவிங் டிரஸ்டுக்கு மாற்றுவது போன்றவை. எல்எல்சிக்கு மாற்றுவது அந்தப் பட்டியலில் இல்லை. மூன்று சதவீத வட்டியில் கடன் வைத்திருப்பவர் அதைப் பணயம் வைக்கலாமா? ஒரு வீடுதான் என்றால் நல்ல லேண்ட்லார்ட் இன்ஷூரன்ஸ், மேலே ஓர் அம்ப்ரெல்லா பாலிசி (மற்ற பாலிசிகளின் வரம்பைத் தாண்டும் நஷ்டஈட்டுக்கான கூடுதல் காப்பீடு), இவை பல குடும்பங்களுக்குப் போதும் என்பது என் எண்ணம்.

கலிஃபோர்னியாவில் இருப்பவர்களுக்குத் தனியாக ஏதாவது?

எல்எல்சி இருந்தாலே ஆண்டுக்கு 800 டாலர் மாநிலத்துக்கு. டிஸ்ரிகார்டட் என்றாலும், நஷ்டம் என்றாலும் உண்டு. 568 படிவமும் போட வேண்டும். நெவாடாவில் பதிவு செய்துவிட்டு கலிஃபோர்னியாவில் உட்கார்ந்து நிர்வாகம் செய்தாலும் தப்ப முடியாது.

கம்யூனிட்டி ப்ராப்பர்ட்டிக்கு வேறு நன்மை உண்டா?

உண்டு, பேச மனம் வராத விஷயம் என்பதால் யாரும் சொல்வதில்லை. தம்பதியில் ஒருவர் இறந்தால், பொதுச் சொத்தாக இருந்த வீட்டின் முழு அடக்க விலையும் அன்றைய சந்தை மதிப்புக்கு உயரும். மற்ற மாநிலங்களில், இருவரும் குடிமக்களாக இருந்து கூட்டுப் பெயரில் வைத்திருந்தால், இறந்தவரின் பாதி மட்டும்தான் உயரும். முப்பது ஆண்டு வைத்திருந்த வீட்டில் இது பெரிய தொகை. டெக்சஸில் வாங்கும்போது பத்திரத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று பார்ப்பது இதற்காகத்தான்.

பார்ட்னர்ஷிப்பே நல்லது என்று எப்போது சொல்வீர்கள்?

தம்பியோ நண்பரோ பங்கு சேரப் போகிறார் என்றால். இருவருக்கும் முந்தைய திருமணத்தில் பிள்ளைகள் இருந்து, கணக்கைத் தனித்தனியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றால். தனித்தனி ரிட்டர்ன் போடுபவர்களுக்கும் சில நேரம் கே-1 தெளிவாக இருக்கும். ஆனால் பார்ட்னர்ஷிப்பாக வைத்திருந்து, பின்னால் 1031 பரிமாற்றத்தில் (லாப வரியைத் தள்ளிப்போட்டு ஒரு வாடகைச் சொத்துக்குப் பதில் வேறொன்றை வாங்கும் முறை) விற்று வேறு வீடு வாங்க நினைத்தால், விற்ற பார்ட்னர்ஷிப்பேதான் வாங்கவும் வேண்டும். நீ ஒன்று நான் ஒன்று என்று பிரித்து வாங்க முடியாது.

ஏர்பிஎன்பி-யில் விடுகிறோம். இதே விதிதானா?

இல்லை. ஒரு விருந்தினர் தங்கும் சராசரி ஏழு நாளோ அதற்குக் குறைவோ என்றால், நஷ்ட விதிகளைப் பொறுத்தவரை அது வாடகையே அல்ல. தினமும் அறை சுத்தம், சாப்பாடு என்று ஹோட்டல் மாதிரி சேவை செய்தால் ஷெட்யூல் சி என்ற சுய தொழில் படிவத்துக்குப் போய், 15.3 சதவீத சுய தொழில் வரியும் வரும். சேர்ந்து வைத்திருப்பது வெறும் கூட்டுச் சொத்துதான் என்ற வாதமும் அங்கே நிற்காது. மேலே சொன்ன க்யூஜேவி கட்டத்துக்கு உண்மையான வேலை வருவது இந்த மாதிரி இடத்தில்தான்.

சென்னையில் இருவர் பெயரிலும் ஒரு ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதையும் காட்ட வேண்டுமா?

கண்டிப்பாக. அமெரிக்க வரிச் சட்டப்படி உள்நாட்டவர் என்றால் உலகத்தில் எங்கே வரும் வருமானமும் கணக்கில் வரும். எல்எல்சி இல்லாத கூட்டுச் சொத்துதான் என்பதால் ஷெட்யூல் ஈ-யில் இன்னொரு பத்தி, அவ்வளவே. இந்தியாவில் உங்கள் இருவர் பங்கையும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுத் தனித்தனி ரிட்டர்ன் கேட்பார்கள், இங்கே ஒன்றாகப் போகும்.

கணக்கு மட்டும் ஒத்துப்போகாது. இந்தியாவில் பராமரிப்புக்கென்று வாடகையில் 30 சதவீதம் அப்படியே கழித்துக்கொள்வோம். இங்கே அது செல்லாது, உண்மையான செலவும் தேய்மானமும்தான். வெளிநாட்டுச் சொத்துக்குத் தேய்மானக் காலமும் நீளம்: 2018 முதல் வாடகைக்கு விட்டது என்றால் 30 ஆண்டு, அதற்கு முன் என்றால் 40. நீங்கள் என்ஆர்ஐ என்பதால் வாடகைதாரர் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் டிடிஎஸ் பிடித்திருக்க வேண்டும். கடைசியில் அங்கே கட்ட வேண்டியதாக நிற்கும் வரியை 1116 படிவத்தில் இங்கே வரவு வைக்கலாம். அங்கே ஏப்ரல் முதல் மார்ச், இங்கே ஜனவரி முதல் டிசம்பர் என்பதால் வாடகை ரசீதுகளை மாதவாரியாக வைத்துக்கொள்ளுங்கள். வாடகை விழும் வங்கிக் கணக்கு உட்பட வெளிநாட்டுக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்வதும் உண்டு. அதை மட்டும் கணவன் மனைவி தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். இருவர் சேர்ந்து ஒன்று போடலாம் என்றால், துணையின் கணக்குகள் எல்லாமே கூட்டுக் கணக்குகளாக இருந்து, அவர் 114ஏ படிவத்தில் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.